‘நம்பப்படுகிறது’ என்று எழுதியது நான்

அந்த அக்காவை மாடிப்படியின் கீழே நின்று வரவேற்றது நான்தான். பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மேல்தளத்தில் எங்கள் செய்தியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம். தமிழ்ப் பத்திரிகை, வானொலி, இணையச் செய்தி என்று பல இடங்களில் வேலை செய்பவர்கள் எண்பது பேர் மேலே உட்கார்ந்திருந்தோம். தலைவர் என்னைக் கூப்பிட்டு, கிள்ளானிலிருந்து ஒரு அம்மா வருவார், அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள் என்றார். நானும் இறங்கிப் போய், “வாங்கக்கா, மேல வாங்க” என்று கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்தின் முடிவில், சாப்பாட்டுக்கு முன்னால், குடும்பத் தலைவரை இழந்த ஒரு குடும்பத்தை மேடைக்கு அழைத்து ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு உணவுப் பொருள்கள் அடுக்கிய ஒரு ஹேம்பர் கூடையும், படிக்கிற பிள்ளைக்கு ஒரு மடிக்கணினியும். வாங்கிக்கொள்பவர் இரண்டு வார்த்தை நன்றி சொல்வார். படம் எடுப்போம். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம் வரும். கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார், வாங்குபவர் பொருளைப் பார்ப்பார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குற்றச் செய்திகளும் நீதிமன்றச் செய்திகளும் எழுதுகிறவன் நான். அன்றைக்கு இந்த நிகழ்ச்சியையும் எழுத வேண்டியவன் நானே என்பதால் நோட்டும் பேனாவுமாக இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அறிவிப்பாளர் அவரை அறிமுகப்படுத்தினார். கணவர் லோரி ஓட்டுநர், எட்டு மாதத்துக்கு முன்னால் ரவாங் அருகே நடந்த விபத்தில் இறந்துவிட்டார், ஒரே மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள் என்றார். ரவாங் என்ற சொல் காதில் விழுந்ததுமே நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். ரவாங்கில் எத்தனையோ லோரி விபத்துகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சாம்பல் நிறச் சேலை, நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் சின்ன சிலுவை. மைக்கை உயரத்துக்குச் சரிசெய்து, தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் தட்டிப் பார்த்த விதத்திலேயே இவர் மேடைக்குப் புதியவர் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். கிள்ளானில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் மாதம் ஒருமுறை பிரசங்கம் செய்கிறவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தலைவருக்கும் தெரியாது. நாங்கள் யாரும் அவரைப் பற்றி விசாரிக்கவில்லை. விசாரிப்பதுதான் எங்கள் தொழில்.

நல்ல தமிழில் தொடங்கினார். நாட்டு நடப்பையெல்லாம் நாங்கள் கண்விழிக்கும் முன்பே எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவர்களே என்று எங்களை அழைத்தார். கைதட்டல் எழுந்தது. தன் மாமனார் கேரித் தீவுத் தோட்டத்தில் வேலை செய்தவர், மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், தமிழ்ப் பத்திரிகையை வைத்தே எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர் என்றார். இன்னும் பெரிய கைதட்டல். எங்கள் வீட்டில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக நாங்கள் நம்பியது உங்களைத்தான் என்றார். தலைவர் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதினேன். நல்ல வரி, தலைப்பாகப் போடலாம் என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

அதன்பிறகு மேடைத் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழுக்கு வந்தார். குரல் உயரவில்லை, இறங்கியது. நாங்கள் எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

“உங்ககிட்டேர்ந்து நான் நெறைய கத்துக்கிட்டேன். என் வீட்டுக்காரர் குடிப்பார்னு எனக்குத் தெரியாது. பதினாறு வருஷம் கூடவே இருந்தேன், தெரியல. நீங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டீங்க. எனக்கு அவ்வளவு மூளை இல்ல.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏதோ நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு முடியும்வரை அவர் காத்திருந்தார். காத்திருந்ததுதான் எங்களுக்கு முதல் அடி, ஏனென்றால் சிரித்தவர்களின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டு, தானாகவே தேய்ந்து நின்றது.

கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். சபையில் வசனம் வாசிக்கும் முன் அதிகாரத்தையும் எண்ணையும் சொல்வார்களே, அதே நிதானத்தில் சொன்னார்: “மூணாம் பக்கம். வலது பக்கம் மேல.” வாசித்தார். நான் எழுதிய வாக்கியம் அது. மண்டபத்தில் வேறு யாருக்கும் அது ஞாபகம் இருந்திருக்காது, எனக்கு அடுத்த சொல் என்ன என்று தெரிந்தது. ஓட்டுநர் மதுபோதையில் இருந்ததாக நம்பப்படுகிறது.

“நம்பப்படுகிறது. யாரு நம்புனா? நான் நம்பல. அவரு மொதலாளி நம்பல. போலீஸ் ரிப்போர்ட்ல அப்படி ஒண்ணு இல்ல. சவப்பரிசோதனை பண்ண டாக்டர் மாரடைப்புன்னு எழுதியிருக்கார், வண்டி ஓட்டும்போதே. அப்போ நம்புன ஆளு யாரு? நம்பிக்கைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு ஆளு இருக்கணும்ல. அந்த ஆளு இங்க இருக்காரா?”

எங்கள் எண்பது பேர் மேலும் அவர் பார்வை ஒரே மாதிரி போனது. என்மேல் நிற்கவில்லை. நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, ரவாங் எங்கே இருக்கிறது என்று கேட்டார், குழந்தைகளிடம் கேட்பதுபோல. சென்ட்ரல் நிலையத்தில் கம்யூட்டர் ரயில் ஏறினால் நேராக ரவாங்கில் இறங்கலாம், இந்த மண்டபத்திலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம் என்று அவரே பதிலும் சொன்னார். “விபத்து நடந்த எடத்துக்கு யாரு யாரு போனீங்க? கை தூக்குங்க.” இது பேச்சுக்காகக் கேட்கிற கேள்வி, தொடர்ந்து பேசிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. உண்மையாகவே கைகளை எண்ணப் போகிறவர்போல வரிசை வரிசையாகப் பார்த்தார். கீழே சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. யாரும் கை தூக்கவில்லை. “சரி” என்றார்.

தலைவர் எழுந்து மேடைப் பக்கம் போகப் பார்த்தார். அந்த அக்கா அவரைக் கையமர்த்தி, “கோபப்படாதீங்க, நான் யாரையும் கொற சொல்ல வரல” என்றார். “நான் மூணு தடவ ஆபிஸுக்குப் போன் பண்ணதை இங்க சொல்லப் போறதில்ல. எடுத்தவரு ‘எடிட்டர்கிட்ட சொல்றேன்க்கா’ன்னு சொல்லிட்டு வெச்சதையும் சொல்லப் போறதில்ல. என் மக கிளாஸ்ல அவ மேசை மேல யாரோ காலி பீர் டின் வெச்சதையும் சொல்லப் போறதில்ல. சாப்பிடப் போற நேரத்துல அதெல்லாம் எதுக்கு.”

சொல்லப் போவதில்லை என்றபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். நான் எத்தனையோ அரசியல்வாதிகளின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கத்தி, மேசையைத் தட்டிச் செய்ய முடியாததை இந்த அக்கா குரலை உயர்த்தாமல் செய்துகொண்டிருந்தார்.

“நன்றி சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். அவரு லோரியில ஏத்திட்டுப் போன சரக்கே பீர் பெட்டிதான், அது ஒடைஞ்சுதான் ரோடு பூரா வாடைன்னு எழுதாம விட்டதுக்கு நன்றி. ஒரு தடவகூட எங்கள வந்து கேக்காததுக்கு நன்றி. அவரு வயசை சரியா போட்டதுக்கு நன்றி. அந்தச் செய்தியில சரியா இருந்தது அது ஒண்ணுதான்.”

ஹேம்பரை மேசையிலேயே விட்டார். மடிக்கணினிப் பெட்டியை மட்டும் கையில் எடுத்தார். “இது என் மகளுக்கு வேணும், அதனால எடுத்துக்கிறேன்” என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து, படியிறங்கிப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது கோபம், அதுவும் அவர்மேல். வரவழைத்து மரியாதை செய்த இடத்தில் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். தலைவர் முகம் சிவந்து, கூப்பிட்டு அடி வாங்கியிருக்கிறோம் என்றார். வானொலிக்காரர் ஒருவர், யாரோ எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இது அந்த அம்மாவின் சொந்தப் பேச்சு இல்லை என்று அடித்துச் சொன்னார். லோரி ஓட்டுநரின் மனைவிக்கு இப்படிப் பேச வராது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. இன்னொருவர் அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தட்டில் இரண்டாம் முறை பிரியாணி போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் செய்தியை நான் எழுதிய கதை இவ்வளவுதான். பக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரம். போலீஸ் அனுப்பிய குறிப்பில் லோரி கட்டுப்பாட்டை இழந்து சாலைத் தடுப்பில் மோதியது, ஓட்டுநர் அங்கேயே இறந்தார் என்று மட்டும் இருந்தது. ஐந்து வரி. வண்டிகளை இழுத்துப் போகும் வேலை செய்கிற ஓர் ஆள் எனக்குப் பழக்கம், அவர் வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார்: “ஒரே பீர் வாடை பாஸ், கிட்ட நிக்க முடியல.” வாடை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. லோரியில் என்ன சரக்கு என்று கேட்கவில்லை. நம்பப்படுகிறது என்று முடித்தேன். எங்கள் செய்தி மேசையில் இந்தச் சொல்லை உப்பு மாதிரி பயன்படுத்துவோம். மலாய் அறிக்கைகளில் ‘டிப்பெர்ச்சாயாய்’ என்று வரும், அதைத் தமிழாக்கித் தமிழாக்கிக் கை பழகிவிட்டது. அறிக்கையில் இல்லாத இடத்திலும் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதுகிறவன் அதற்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

அந்த அக்கா மூன்று முறை அழைத்ததில் ஒருமுறை போனை எடுத்ததும் நான்தான். அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. சவப்பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது, அனுப்பட்டுமா அண்ணே என்று கேட்டார். அனுப்புங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. எடிட்டரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஞாயிறு மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சியை எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒருவேளை, நோட்டில் இருந்ததை மட்டும் எழுதலாம் என்று நினைத்திருக்கலாம். அவர் கேட்ட கேள்விகளை எழுதினேன். யாரும் கை தூக்கவில்லை என்று எழுதினேன். ஹேம்பரை விட்டுச் சென்றதை எழுதினேன். ஆசிரியர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, சிரித்தார். நம் முகத்தில் நாமே சேற்றைப் பூசிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். அந்த அம்மா ஏதோ மனவேதனையில் பேசியிருக்கிறார், அதை அச்சில் ஏற்றினால் அவருக்குத்தான் அசிங்கம் என்றார். அவருடைய நன்மைக்காகத்தான் வெட்டுகிறேன் என்கிற முகத்துடன் வெட்டினார்.

மறுநாள் வந்தது ஒரு படமும் ஆறு வரியும். அவர் மடிக்கணினியை எடுக்கிற கணத்தில், மேடையோரம் போயிருந்த தலைவர் கையை நீட்டியிருந்தார், படத்தில் பார்த்தால் அவர் கொடுத்து இவர் வாங்குவதுபோல இருக்கும். கீழே, தம் குடும்பத்தின்மேல் அக்கறை காட்டிய செய்தியாளர்களுக்கு அவர் கண்கலங்க நன்றி தெரிவித்தார் என்று இருந்தது. அந்த அக்கா கண்கலங்கவே இல்லை. ஒரு துளிகூட இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் கணவரைக் குடிகாரர் ஆக்கினோம், இப்போது மனைவியை எங்கள் முன்னால் அழவைத்துவிட்டோம். நேற்றுவரை அவர்மேல் இருந்த கோபம் அந்தக் காலையில் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. பத்திரிகையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

சங்கத்தில் அவர் முகவரி இருந்தது. கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டோபிக் கடையில் வேலை. துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தார், கையை நிறுத்தவில்லை. அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான் என்றும், போனை எடுத்தவனும் நான்தான் என்றும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

“தெரியும்” என்றார். “படிக்கட்டுல ‘வாங்கக்கா’ன்னீங்களே, அப்பவே கொரல் தெரிஞ்சுது.”

அப்படியானால் மேடையில் நிற்கும்போதே தெரியும். அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று கேட்டபோது நான் இரண்டாவது வரிசையில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஏன் என்னைப் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“உங்களப் பாத்தா உங்க ஒருத்தரோட தப்பா போயிடும். மத்தவங்கெல்லாம் நிம்மதியா சாப்பிடப் போயிருவாங்க.”

எல்லோரும் நிம்மதியாகத்தான் சாப்பிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். ஆறு வரியையும் படித்தார். கண்கலங்க என்ற இடத்தில் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். முதல்முறையாக அவர் குரல் நடுங்கியது, அழுகையில் இல்லை. “வாயால சொன்னதையும் மாத்திட்டீங்க” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார். அவர் என்னை அண்ணே என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை, போனில் அப்படி அழைத்தவர். தன் மாமனாரைப் பற்றிச் சொன்னார். கேரித் தீவில் தனியாக இருக்கிறார். மகன் குடிக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் பேப்பரில் வந்துவிட்டதே என்கிறார். மருமகள் டாக்டர் அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டியபோது, மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதை நீ எப்படி வேண்டுமானாலும் படித்துக் காட்டுவாய் என்று சண்டை போட்டிருக்கிறார். நினைவுக் கூட்டத்துக்கு வரவில்லை. அதிலிருந்து மருமகளிடம் பேச்சில்லை. “அவருக்குத் தமிழ்ல வேணும். பேப்பர்ல வேணும். முடிஞ்சா போடுங்க. இல்லன்னா மன்னிப்பு கேட்டு இங்க வராதீங்க” என்றார்.

நான் போராடினேன். அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மூன்று வாரம் ஆசிரியரின் அறைக்குப் போய்க்கொண்டே இருந்தேன். சவப்பரிசோதனை அறிக்கையின் நகலை மேசையில் வைத்தேன். முதலில் பழைய செய்தி யாருக்கு ஞாபகம் என்றார். பிறகு பத்திரிகை முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார். பிறகு வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை திருத்தம் வந்தது. காணாமல்போன அடையாள அட்டை அறிவிப்புகளுக்கும் வீடு வாடகை விளம்பரங்களுக்கும் நடுவே நான்கு வரி. கண்ணாடி போட்டுத் தேடினால்தான் கிடைக்கும். அதில், சம்பந்தப்பட்ட ஓட்டுநர் மாரடைப்பால் இறந்திருக்கலாம் என நம்பப்படுகிறது என்று இருந்தது.

அலுவலகத்தில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு நாள்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நம்பப்படுகிறது என்கிறோம், பீர் வாடையையும் நம்பப்படுகிறது என்கிறோம், இரண்டும் ஒன்றா என்று கத்தினேன். எல்லா மேசையிலும் தட்டச்சு நின்றது. ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து, “லீகல் சைட்ல அப்படித்தான் போடச் சொன்னாங்க லா, நாளைக்கு யாராச்சும் கேஸ் போட்டா நீ வருவியா?” என்றார். வருவேன் என்றேன். அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து என் கையால் ஒரு கடிதம் எழுதினேன். பெயர், அடையாள அட்டை எண், பத்திரிகையில் என் பொறுப்பு எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். டோபிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அக்கா நின்றபடியே படித்து, ஓர் இடத்தில் விரலை வைத்தார். செய்தியில் தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன்.

“நேர்ந்துச்சா, செஞ்சீங்களா?”

துணி ரசீது எழுதும் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அந்த மேசையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். நான் சம்பவ இடத்துக்குப் போகவில்லை. நான் யாரையும் விசாரிக்கவில்லை. அவர் குடித்திருந்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நான் பொய்யாக எழுதினேன். பன்னிரண்டு ஆண்டு எழுதியதில் இத்தனை ‘நான்’ ஒரே பக்கத்தில் வந்ததில்லை. கை வலித்தது.

அடுத்த ஞாயிறு அவர் சபையில் ஆராதனை முடிந்ததும் அந்த அக்காவும் நானும் என் காரில் கேரித் தீவுக்குப் போனோம். பாலத்தைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரே நேர் ரோடு. மாமனார் வீட்டு வாசலிலேயே அந்த அக்கா நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். பத்திரிகைக்காரன் என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த மரியாதையைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் எனக்காக மின்விசிறியைத் திருப்பி வைத்தார்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லி, தானே வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். வெகு நேரம் ஆனது. முடித்துவிட்டு, அந்தப் பேப்பரில் எழுதினதும் நீதானா என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“எட்டு ஒம்பது மாசமா காலையில எந்திரிச்சதும் அவன் படத்தப் பாத்துத் திட்டுறேன். பொண்டாட்டி புள்ளய நடுத்தெருவுல விட்டுட்டு குடிச்சிட்டுச் செத்தியேடான்னு. தெனமும். நீ சொன்னதக் கேட்டு.”

எழுந்து நின்றார். கை ஓங்கினார் என்றுதான் நினைத்தேன், ஆனால் வாசலைக் காட்டினார். “போ வெளிய” என்றார். நான் போனேன். என் தோளுக்கு மேலாக அவர் மருமகளைப் பார்த்து, “நீ உள்ள வாம்மா” என்றார். அந்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கடந்து உள்ளே போனார். கதவு மூடவில்லை, இருந்தாலும் உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை, காருக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து ஏறினார். கண் வீங்கியிருந்தது. கிள்ளானில் இறங்கும்போது, “வரேன்ணே” என்றார்.

பத்து நாள் கழித்துப் பெரியவரே எனக்குப் போன் செய்தார். கோபம் குறையவில்லை, குரலிலேயே தெரிந்தது. தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் அந்தப் பழைய பேப்பரைப் படித்தவர்கள், இந்தச் சின்னக் கையெழுத்தை யார் படிப்பார்கள், பெரிய எழுத்தில் அடித்துக் கொண்டுவா என்றார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, தலைப்பு எழுத்தின் அளவில், ஆளுயரத் தாளில் அச்சடித்தேன். கடைக்காரர் வரிகளைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரியவர் அதைக் கடைச் சுவரில் ஒட்டியதாக அந்த அக்கா பிறகு சொன்னார். ஒரு ஜெராக்ஸ் கடையும் ஒரு தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையும் செய்ததை, அச்சு இயந்திரமும் நாற்பது ஊழியர்களும் வைத்திருக்கிற எங்கள் பத்திரிகை செய்யவில்லை.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். குற்றச் செய்திகளிலிருந்து என்னை மாற்றி ஆன்மிகப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சங்கம் இப்போது மேடையில் யாரையும் பேச விடுவதில்லை, பொருளைக் கொடுத்துப் படம் எடுத்ததும் அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொள்கிறார். இணையத்தில் இருக்கிற அந்தப் பழைய செய்தியை எடுக்கச் சொல்லி இதுவரை எத்தனை கடிதம் கொடுத்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எடுத்தால் லிங்க் உடைந்துவிடும் என்கிறார்கள். நேற்றும் அந்த மனிதரின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். முதலில் வருவது அதுதான், அதன் கீழே என் பெயர்.